பாற்கடலுக்கு அடியில் ஒரு வயல்

ரொறன்ரோவில் வாழும் பள்ளித் தோழர் ஒருவர் சென்ற மாதம் சில புகைப்படங்களை அனுப்பியிருந்தார். தம் வீட்டின் பின்வளவில் நீச்சல் தடாகம் ஒன்றை அமைத்திருக்கிறார். நீல ஓடு பதித்த சதுரத் தொட்டி அன்று. கரை வளைந்து நெளிந்து செல்கிறது. ஓரங்களில் பாறைகள், அவற்றுள் ஒன்றிலிருந்து நீர் வழிகிறது. அருகே கூரையிட்ட திண்ணை, மாலையில் அமர நாற்காலிகள். "மனிதன் வெட்டியது என்றே தெரியக்கூடாது என்று சொல்லிச் செய்வித்தேன். நம் கண்டி அரசர்கள் இப்படி ஏதேனும் செய்ததுண்டா?" என்று கேட்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் பள்ளி விட்டதும் அவரும் நானும் மீன்களுக்குப் பொரி வீசியபடி நடந்தது அத்தகைய ஒன்றின் கரையில்தான். கண்டி வாவி இயற்கையானது என்றே அன்று இருவரும் நம்பியிருந்தோம். அப்படி நம்பவைத்ததே அதனை அமைத்தவர்களின் வெற்றி.

அரசனின் பின்வளவு

கண்டி அரண்மனைக்கும் ஒரு பின்வளவு இருந்தது. தலதா மாளிகைக்குப் பின்னால் எழும் உடவத்தகெலே காடுதான் அது. 'உட வாசல வத்த' என்பது அதன் பழைய பெயர். அரண்மனைக்கு மேலேயுள்ள தோட்டம் என்று பொருள். பொதுமக்கள் நுழையத் தடைசெய்யப்பட்டிருந்த காடு அது. அதன் நடுவிலுள்ள குளத்தில் அரச குடும்பத்தினர் நீராடினர் என்பது மரபு. ஆங்கிலேயர் 1856இல் அதனை ஒதுக்குக் காடாக்கினர். 1938இல் அது சரணாலயமாயிற்று. குளத்தில் இன்று மர நிழல் விழுகிறது; ஆமைகள் வெயில் காய்கின்றன.

இத்தகைய கலை இலங்கைக்குப் புதிதன்று. அனுராதபுரத்தில் திசாவாவிக் கரையிலுள்ள ரன்மசு உயன என்னும் அரச பூங்காவில் இயற்கைப் பாறைகளை அகற்றாமல் அவற்றுக்கு இடையிலேயே நீராடு குளங்களை அமைத்திருக்கிறார்கள். ஒரு குளத்தின் பாறையில் யானைகள் தாமரைகளுக்கிடையே நீராடுவதுபோல் செதுக்கப்பட்டுள்ளன. அச்சிற்பங்களில் பல்லவர் கலையின் சாயலை அறிஞர்கள் காண்கின்றனர். நம் காலத்திலும் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1990களில் தம்புள்ளைக்கு அருகே கந்தளம ஹோட்டலைக் கட்டியபோது, நீச்சல் தடாகத்தின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாமல் எதிரேயுள்ள குளத்தோடு கலந்துவிடுமாறு அமைத்தார். தோழரின் தடாகத்துக்கு இவை யாவும் முன்னோர் எனலாம். எனினும் கண்டி வாவியின் கதை வேறு.

முகில் சுவர்

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1798இல் அரியணை ஏறியபோது அவனுக்கு வயது பதினெட்டு. 1739இல் தொடங்கிய நாயக்கர் வம்சத்தின் கடைசி அரசன். இயற்பெயர் கண்ணசாமி. 1803இல் ஆங்கிலேயப் படையெடுப்பை முறியடித்த பின், தன் தலைநகரை அழகுபடுத்தும் எண்ணம் அவனுக்கு வந்தது. அரண்மனைக்கு எதிரே அப்போது இருந்தவை நெல் வயல்கள். 1807இல் அவற்றின் குறுக்கே மண்ணணை எழத் தொடங்கிற்று. மறுகரையிலுள்ள மல்வத்தை விகாரைக்குச் செல்லும் வழியாகவும் அது பயன்பட்டது. 1812இல் வேலை முடிந்தது.

திட்டமிட்டவர் அரச கட்டடக் கலைஞர் தேவேந்திர மூலாச்சாரி. தலதா மாளிகையின் எண்கோண மண்டபமான பத்திரிப்புவவும் அவர் கைவண்ணமே. அவர் செய்த உத்தி எளியது. பள்ளத்தாக்கின் தாழ்ந்த பக்கத்தை மட்டும் அடைத்தார். மற்றக் கரைகளை மலைச்சரிவுகளே வரைந்துகொண்டன. அதனால்தான் வாவியின் விளிம்பில் மனிதன் போட்ட நேர்கோடு பெரும்பாலும் தென்படுவதில்லை.

கரையின் ஒரு பகுதியில் 'வலாகுளு பம்ம' என்னும் முகில் சுவர் எழுந்தது. ஏறத்தாழ 630 மீட்டர் நீளம். அலையலையாக உயர்ந்து தாழும் விளிம்பு; இடையிடையே விளக்கு வைக்கும் முக்கோணத் துளைகள். நீர் நிறைந்த இரவில் விளக்கேற்றினால், சுவரின் நிழல் நீரில் விழுந்து, நகரம் மேகங்களின்மேல் மிதப்பதுபோல் தோன்றும். வாவிக்கு அரசன் இட்ட பெயர் 'கிரி முகுத', அதாவது பாற்கடல். இந்திரனின் நகரைப் பூமியில் அமைக்கும் முயற்சி இது என்றும், அதனை அரசன் படித்த விதமும் குடிகள் படித்த விதமும் வேறு என்றும் 1990இல் வெளியான தமது நூலில் புவியியலாளர் ஜேம்ஸ் டங்கன் விரிவாக எழுதியுள்ளார்.

தலதா மாளிகை ஓரமாக நீருக்குள் கால் ஊன்றி நிற்கும் கட்டடம் உல்பென்கே, அரசியரின் குளியல் மண்டபம். வாவி நீரிலேயே, பிறர் கண்ணில் படாமல் நீராடுவதற்காகக் கட்டியது. ஆங்கிலேயர் அதன்மேல் இன்னொரு மாடி எழுப்பி நூலகமாக்கினர்; பின்னர் அது காவல் நிலையமாகவும் இருந்தது. அந்தப்புரப் பெண்கள் இளைப்பாறிய இடம் என்று மக்கள் சொல்லும் நடுத்தீவில் வெள்ளையர் வெடிமருந்தைக் குவித்து வைத்தனர்.

ஒரு கடிதம்

பத்திரிகையில் சேர்ந்த தொடக்க காலத்தில் இவற்றையெல்லாம் திரட்டி, 'தமிழ் மன்னன் தந்த வாவி' என்னும் தொனியில் ஒரு கட்டுரை எழுதினேன். பாராட்டுகள் வந்தன. கூடவே, கண்டியை அடுத்த தோட்டமொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டையும் வந்தது.

"ஐயா, மன்னரின் பெயரை நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மண் சுமந்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் பாட்டன்மார் காடு வெட்டி உண்டாக்கிய தேயிலை மலைகளைத் துரைமார் பெயரில் எழுதுகிறவர்களுக்கும் உங்களுக்கும் என்ன வேறுபாடு?"

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதன் பிறகே வாவியின் அடியில் இருந்த வயலைப் பற்றி நினைக்கத் தொடங்கினேன்.

வாவியை வெட்டியது இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம். நிலம் வைத்திருப்பவன் அரசனுக்கு உழைப்பைத் தரவேண்டும் என்பது பழைய முறை. குளம் கட்டவும் கால்வாய் திருத்தவும் மக்கள் அவ்வாறு உழைத்து வந்தார்கள். அதன் பயன் அவர்கள் வயலுக்கே திரும்பி வந்தது. இந்தக் குளமோ ஒரு வயலுக்கும் நீர் பாய்ச்சுவதற்காக எழவில்லை. இருந்த வயலை விழுங்கியது. குளம் கட்டியே பெயர்பெற்ற நாட்டில், விவசாயிக்கு இதைவிடப் பெரிய புதிர் இருந்திருக்க முடியாது.

எதிர்த்த ஊர்த்தலைவர்கள் பலரை அரசன் வாவிப் படுகையிலேயே கழுவேற்றினான் என்று கண்டியில் வழிவழியாகச் சொல்வார்கள். 1814இல் எகலப்பொல அதிகாரி ஆங்கிலேயர் பக்கம் சென்றபோது, அவன் பிள்ளைகள் சிரச்சேதம் செய்யப்பட்டனர். மனைவி எகலப்பொல குமாரிஹாமி அருகிலிருந்த போகம்பரைக் குளத்தில் மூழ்கடிக்கப்பட்டாள். அந்தக் குளம் இன்று இல்லை.

இங்கே நிதானம் வேண்டும். இச்செய்திகளில் பலவற்றை எழுதி வைத்தவர்கள் அவனை வீழ்த்தக் காத்திருந்தவர்கள். ஒற்றர்களை வைத்துக் கண்டி அரசவைச் செய்திகளைத் திரட்டிய ஜோன் டொயிலி அவர்களுள் முதல்வர். 1815 மார்ச் 2ஆம் நாள் கையெழுத்தான கண்டி ஒப்பந்தம் 'மலபார்' அரசனின் கொடுமைகளைக் காரணம் காட்டியே அவனை நீக்கிற்று. அவன் உறவினரான ஆண்கள் யாவரையும் பகைவர் என அறிவித்தது. கொடுமையைக் கண்டித்த அதே ஆங்கிலேயர் 1820களில் கொழும்பு-கண்டி வீதியை அமைத்ததும் அதே இராசகாரியத்தைக் கொண்டுதான். ஆகவே அவர்கள் சாட்சியத்தை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஆனால் சாட்சி சந்தேகத்துக்குரியவன் என்பதால் மண் சுமந்தவனின் தோள் வலி பொய்யாகிவிடாது. இளமையில் நான் எழுதிய கட்டுரை இந்த இரண்டாம் உண்மையை மறந்திருந்தது.

அகழிக்குள் அரசன்

1815 பெப்ரவரியில் மெதமகாநுவரைப் பகுதியில் பிடிபட்ட அரசன், மறு ஆண்டு கப்பலேற்றப்பட்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டான். சுற்றிலும் நீர் ததும்பும் அகழி. உள்ளே பதினாறு ஆண்டுகள். பாற்கடல் அமைத்தவனைக் கடைசியில் நீரே காவல் காத்தது. அவன் குடும்பம் வாழ்ந்த இடம் அங்கே இன்றும் கண்டி மஹால் எனப்படுகிறது. 1832 ஜனவரி 30இல் இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் கல்லறை இருக்குமிடத்தில் 1990இல் தமிழக அரசு முத்து மண்டபம் எழுப்பியது. அவன் மறைந்த அதே 1832இல்தான் கோல்புறூக் குழுவின் பரிந்துரைப்படி இராசகாரியம் ஒழிக்கப்பட்டது.

கண்டி நகரம் 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. வாவியிலிருந்து வழியும் நீர் மெத எல என்னும் ஓடையாக நகரின் அழுக்கைச் சுமந்து மகாவலியில் சேர்கிறது. முகில் சுவர் முற்றுப்பெறாமலே நிற்கிறது. அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம், வேலை நின்றுபோன அந்த நாளில் கடைசிக் கல்லைக் கீழே வைத்துவிட்டு வீடு திரும்பியவன் யாராயிருப்பான் என்று எண்ணிக்கொள்வேன். அஞ்சலட்டை எழுதிய ஆசிரியர் இப்போது உயிரோடு இல்லை. அவருக்கு அன்று நான் பதில் எழுதவில்லை. இது அந்தப் பதில்.

ரொறன்ரோத் தோழருக்கும் எழுதிவிட்டேன். "தடாகம் மிக அழகாக இருக்கிறது. கண்டியில் இதற்கு மூத்தது ஒன்று உண்டு. நீரும் நானும் அதன் கரையில்தான் வளர்ந்தோம். உமது பாறைகளை அடுக்கியவர்கள் யார், எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று அடுத்த மடலில் எழுதும்."

பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.