இந்தூர் குழியும் வாத் என்ற பெயரும்

ஃபிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்குக் 'கம்போஸ்ட்' என்றதும் 'கொம்போத்' நினைவுக்கு வந்துவிடும். பழத்தைச் சர்க்கரையோடு வேகவைத்துச் செய்யும் பண்டம் அது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: பலவற்றைச் சேர்த்து வைத்தது என்று பொருள்படும் லத்தீன் சொல். ஒன்று சாப்பாட்டு மேசைக்கும் மற்றது கொல்லைக்கும் போனது!

இன்று வீட்டுத் தோட்டத்தில் கம்போஸ்ட் போடுகிறவர்கள் செய்வதில் பெரும்பகுதி நம் நாட்டில், இந்தூரில், வகுக்கப்பட்ட முறை. ஆல்பர்ட் ஹோவார்ட் என்ற ஆங்கிலேயர் 1905இல் பீகாரிலுள்ள பூசாவுக்குத் தாவரவியல் அதிகாரியாக வந்தார். பயிர்களைக் கவனித்ததோடு அவற்றைப் பயிரிட்ட விவசாயிகளையும் கவனித்தார். அவர்களே தன் பேராசிரியர்கள் என்று பிற்பாடு எழுதினார். உத்தியோகத்தில் இருந்தவர்கள் அப்படி எழுதுவது அபூர்வம். 1924இல் இந்தூரில் தொடங்கிய பயிர்த்தொழில் ஆய்வு நிலையத்துக்கு அவரே இயக்குநர்.

அங்கே அவர் எடுத்துக்கொண்டது நம் கிராமத்து எருக்குழியைத்தான். சீனர்கள் குப்பையை உரமாக்கும் விதத்தையும் படித்திருந்தார். புதிதாக வந்தது அளவும் கணக்கும். முப்பது அடி நீளம், பதினான்கு அடி அகலம், ஆழம் மட்டும் இரண்டே அடி. ஆழமானால் அடியில் காற்று போகாது, அழுகி நாறும். களை, சருகு, பருத்திமார், சாணம், மாட்டுக் கொட்டகையில் கோமியம் ஊறிய மண், விறகுச் சாம்பல் எல்லாம் அடுக்கடுக்காக. பருத்திமார் கட்டையாயிற்றே, எப்படி மக்கும்? வண்டிப் பாதையில் பரப்பிவிட்டார்கள். சக்கரமும் குளம்பும் நசுக்கித் தந்தன. செலவில்லாத இயந்திரம்! தண்ணீர் தெளித்து மூன்று முறை கிளறிவிட, மூன்று மாதத்தில் உரம் தயார். மழைக்காலத்தில் குழியில் நீர் தேங்கும் என்பதால் தரைக்கு மேல் குவியல்.

1931இல் இந்த முறையை விளக்கி விவசாயக் கழிவுகள் பற்றி ஒரு நூல் வந்தது. அட்டையில் இரண்டு பெயர்கள்: ஆல்பர்ட் ஹோவார்ட், யஷ்வந்த் வாத். சருகும் சாணமும் எந்த விகிதத்தில் சேர்ந்தால் மக்கும் என்பதைச் சோதித்துச் சொல்லும் வேதியியல் வேலை வாத் பொறுப்பில் இருந்தது. ஹோவார்ட் 1934இல் சர் பட்டம் பெற்றார்; 1940இல் எழுதிய நூலால் உலகப் புகழ் அடைந்தார். வாத் பெயரைச் சொல்பவர் இன்று எத்தனை பேர்? குமாஸ்தாவாகக் காலம் தள்ளிய எனக்கு இதில் ஆச்சரியமில்லை. குறிப்பு எழுதியவன் பெயர் கோப்புக்குள்ளேயே இருந்துவிடும். ஆனால் வாத் விஷயம் அப்படியல்ல. பெயர் அட்டையிலேயே அச்சாகியிருந்தது, ஹோவார்ட் மறைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள்தாம் ஒன்றை மட்டும் வாசித்தார்கள். ஹோவார்டுடன் சமமாக ஆராய்ச்சி செய்த அவர் மனைவி கேப்ரியலுக்கும் இதே கதிதான்.

1930களின் கடைசியில் பெங்களூர் அறிவியல் கழகத்தில் ஆச்சார்யா என்பவர் வேறொரு வழி கண்டார். குழியை நிரப்பி மேலே சேறு பூசி மூடிவிட வேண்டியது. கிளறுகிற வேலை இல்லை. மக்கக் கூடுதல் காலம் பிடிக்கும். மண்வெட்டி பிடித்துக் குனிய இடுப்பு இடம் தராத நம் வயதினர் பார்க்க வேண்டிய முறை இதுதான்.