திவாலில் முளைத்த வங்கி

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. சென்னையின் பெரிய வெள்ளைக்காரக் கம்பெனியான ஆர்பத்நாட் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. லண்டன் பங்காளி மக்ஃபேடியன் இரண்டு நாள் முன்பே ரயிலில் விழுந்து உயிரை விட்டிருந்தார். ஊரார் பணத்தைச் சூதாட்டம்போல் முதலீடு செய்து தொலைத்தவரை இனி எந்தக் கோர்ட்டும் கூண்டில் ஏற்ற முடியாது.

வட்டியை நம்பி அங்கே பணம் போட்டிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில். துரை கம்பெனி முழுகாது என்ற தெம்புதான் அவர்களுக்கு ஜாமீன். பென்ஷன் பணம், பெண் கல்யாணத்துக்குச் சேர்த்தது எல்லாம் அதோடு போயிற்று.

லஸ் பக்கம் குடியிருந்த வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் பணத்தை இழந்தவர்களுக்காக வாதாடினார். காங்கிரசில் அவர் மிதவாதி. ஆனால் தீவிரவாதி பாரதியின் பாட்டுகளை 1907இல் தன் செலவில் அச்சிட்டவரும் அவரே. கோர்ட்டில் கிடைத்தது என்ன? சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல். சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி.க்கு 1908இல் விழுந்ததோ இரண்டு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது என்றாலும், எந்தக் குற்றத்துக்கு என்ன விலை என்று அன்றைய சர்க்கார் வைத்திருந்த கணக்கு இதில் தெரிந்துவிடுகிறது.

துரை ஜெயிலுக்குப் போனால் பணம் திரும்புமா? பெரும்பகுதி வரவேயில்லை. தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை ஐயர். நம்மவர் பணத்தை நம்மவரே வைத்துக் காக்கட்டும் என்று நண்பர்களைத் திரட்டினார், நகரத்தார் வீடுகளின் கதவைத் தட்டினார். சுதேசி அலை அடித்த நேரம் அது. செட்டிநாட்டு ராமசாமி செட்டியார் இயக்குநராக வந்தார். 1907 மார்ச்சில் பதிவாகி, ஆகஸ்ட் 15 அன்று கவுண்டர் திறந்தது இந்தியன் வங்கி. அந்தத் தேதிக்கு அப்போது எந்தச் சிறப்பும் கிடையாது.

நம்மவர் கையில் இருந்தால் பணம் பத்திரம் என்ற நம்பிக்கைக்கும் சோதனை வந்தது. 1969இல் அரசுடைமையான அதே வங்கி, கண்டபடி கொடுத்த கடன்களால் 1995-96இல் 1,336 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. முன்னாள் தலைவர் மீது சிபிஐ வழக்குகள் போட்டது. அவை ஆண்டுக்கணக்கில் இழுத்தன. பணம் போட்டவர்களுக்கு இந்த முறை ஒரு காசும் போகவில்லை. ஓட்டையை அடைத்தது அரசு கஜானா.