இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம்

இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம்: கொல்கத்தாவில் 1876 ஜூலை 29 அன்று நிறுவப்பட்ட ஆய்வு நிறுவனம். ராமன் விளைவு கண்டறியப்பட்ட இடம்.

தோற்றம்

இந்தியர்கள் அறிவியலைப் பாடமாகப் படிப்பதோடு நின்றுவிடாமல் தாமே ஆராய வேண்டும், அதற்கு அரசின் பிடியில் இல்லாத ஒரு கழகம் வேண்டும் என்று மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1869இல் எழுதினார். நன்கொடை திரட்ட ஏழு ஆண்டுகள் ஆயின. இயேசு சபைத் துறவியும் இயற்பியல் ஆசிரியருமான லாஃபோன் துணை நின்றார். பவ்பஜார் தெருக் கட்டடத்தில் பொதுமக்களுக்கான சொற்பொழிவுகள் நடந்தன. விஜயநகரம் மகாராஜாவின் கொடையில் ஆய்வகமும் எழுந்தது. ஆனால் முழுநேர ஆய்வாளர்கள் வரவில்லை. அந்த ஏக்கத்துடனேயே சர்க்கார் 1904இல் மறைந்தார். அவர் மகன் அமிர்தலால் கழகத்தைத் தொடர்ந்து நடத்தினார்.

ராமன் காலம்

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கொல்கத்தா வந்தார். அப்போது அவருக்கு வயது 18. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் அவர் ஆய்வு செய்யக் கழகம் இடம் கொடுத்தது. ஆய்வக உதவியாளர் ஆசுதோஷ் டே அவருக்குத் துணையானார். 1919இல் ராமன் கழகத்தின் மதிப்புறு செயலாளரானார். அவரை நாடி நாட்டின் பல பகுதிகளிலிருந்தும், குறிப்பாகத் தென்னகத்திலிருந்து, மாணவர்கள் வந்தனர்.

கண்டுபிடிப்பு

நீரில் சிதறும் ஒளியை ஆராய்ந்த ராமனின் மாணவர் கே. ஆர். ராமநாதன், 1923இல் அதில் நிறம் மாறிய மங்கலான ஒளி ஒன்றைக் கண்டார். மாசுதான் காரணம் என்று கருதி, திரவத்தை மீண்டும் மீண்டும் தூய்மை செய்தும் அது மறையவில்லை. வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன் வேறு திரவங்களிலும் அதைக் கண்டார். 1928 ஜனவரியில் எஸ். வெங்கடேசுவரன் தூய கிளிசரினில் அது பச்சையாகத் தெரிவதைக் கவனித்தார். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடர்ந்ததால்தான், பிழைபோல் தோன்றியது இயற்கையின் புது உண்மை என்று தெளிவாயிற்று. பிப்ரவரி 28 அன்று பாதரச விளக்கொளியில், சிதறிய ஒளியின் நிறமாலையில் புதிய கோடுகளை ராமன் கண்டார்; இதுவே ராமன் விளைவு.

அதே வேளையில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டேல்ஷ்டாம் இருவரும் படிகங்களில் இதே விளைவைக் கண்டிருந்தனர். அவர்கள் கட்டுரை ஜூலையில் வந்தது. மார்ச் 16 அன்று பெங்களூரில் ராமன் ஆற்றிய உரையோ அம்மாத இறுதிக்குள் அச்சாகி, உலகெங்குமுள்ள அறிவியலாளருக்கு அஞ்சலில் போய்விட்டது. 1926இல் அவர் கழகத்திலேயே தொடங்கிய இயற்பியல் இதழால்தான் அந்த விரைவு வாய்த்தது. 1930இல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிற்காலம்

1933இல் ராமன் பெங்களூர் சென்றார். பின்னர் இயற்பியலாளர் மேகநாத் சாகாவின் முயற்சியால் கழகம் ஜாதவ்பூருக்கு இடம்பெயர்ந்து விரிவடைந்தது. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ராமனோடு, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆய்வாளர்களுக்காகக் காத்திருந்த சர்க்காரையும் அந்நாளில் நினைவுகூர்வது தகும்.