மறுபடி கண் விழித்த சூனியக்காரி

டாமி ஃப்ளவர்ஸுக்கு உருவாக்கித்தான் பழக்கம். அழித்துப் பழக்கமில்லை. பிரிட்டிஷ் தபால் துறையின் இன்ஜினீயர். அந்த நாட்டில் அப்போது டெலிபோனும் தபால் துறை வசம்தான். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஹிட்லரின் ராணுவத் தலைமை அனுப்பிய ரகசியச் செய்திகளை உடைப்பதற்காக அவர் ஒரு பிரமாண்ட மெஷினைக் கட்டினார். பெயர் கொலோஸஸ். 1944-ல் லண்டனுக்கு வடமேற்கே பிளெட்ச்லி பார்க்கில் வேலையை ஆரம்பித்தது. போர் முடிவதற்குள் அப்படிப் பத்து மெஷின்கள் ஆகிவிட்டன. எலெக்ட்ரானிக் கம்ப்யூட்டர் என்ற இனத்துக்கே மூத்த பிள்ளை என்று தாராளமாகச் சொல்லலாம்.

போர் முடிந்தது. மேலிடத்து உத்தரவு வந்தது. பிரித்துப் போடு. பெரும்பாலான மெஷின்களை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிவிட்டார்கள். ஃப்ளவர்ஸ் தன் வரைபடங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் பாய்லர் நெருப்பில் போட்டார். எரிந்து முடிகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். இப்படி ஒன்று இருந்தது என்பதே 1970-களில்தான் மெள்ளக் கசிந்தது.

இன்றைக்கு பிளெட்ச்லி பார்க்கில் இருக்கும் தேசிய கம்ப்யூட்டர் அருங்காட்சியகத்துக்குப் போனால் ஒரு கொலோஸஸைப் பார்க்கலாம். ஜோராக ஓடும். ஆனால், அது அசல் இல்லை. டோனி ஸேல் என்கிற மனிதர் 1993-ல் பிடிவாதமாக ஆரம்பித்து மறுபடி கட்டியது. அவர் கையில் என்ன இருந்தது தெரியுமா? 1945-ல் எடுத்த எட்டு போட்டோக்கள். சில இன்ஜினீயர்கள் விதியை மீறி வீட்டில் பத்திரப்படுத்தி வைத்திருந்த துண்டு துக்கடா சர்க்யூட் படங்கள். அவ்வளவுதான்! அவருடைய சாகசம் தனிக்கதை. இந்த வாரம் நமக்கு வேண்டியது, அதே கட்டடத்தில் குடியிருக்கும் இன்னொரு மெஷின். யாரையும் வெல்லவில்லை. எந்தப் போரையும் சுருக்கவில்லை. ஆனால், அசல்!

கதை ஹார்வெலில் ஆரம்பிக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே இருக்கும் ஊர். பிரிட்டனின் அணுசக்தி ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருந்தது. அணு விஞ்ஞானம் என்றால் கணக்கு. மூட்டை மூட்டையாகக் கணக்கு. பட்டதாரி இளைஞர்களும் பெண்களும் மேஜை மேல் இருந்த மெக்கானிக்கல் கால்குலேட்டர்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே மாதிரி கூட்டல் பெருக்கலைத் திரும்பத் திரும்பப் போட்டால் என்ன ஆகும்? மூன்று மணிக்குக் கொட்டாவி வரும். நாலு மணிக்குத் தப்பு வரும்.

டெட் குக்-யார்பரோ, டிக் பார்ன்ஸ், கர்னி தாமஸ் என்று மூன்று இன்ஜினீயர்கள். 1949-ல் ஒரு யோசனை செய்தார்கள். வேகமான மெஷின் நமக்கு வேண்டாம். மனுஷன் வேகத்தில் போனால் போதும். ஆனால், அலுத்துக்கொள்ளக் கூடாது. தப்புப் பண்ணக் கூடாது.

அந்தக் காலத்து கம்ப்யூட்டர்களின் பெரிய தலைவலி வால்வுகள். பழைய ரேடியோவுக்குள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருக்குமே, அதேதான். உள்ளே இழை சூடாகி, சூடாகி ஒரு நாள் புட்டுக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் வால்வு இருந்தால் தினமும் ஏதாவது ஒன்று மண்டையைப் போடும். ஹார்வெல்காரர்கள் இதிலிருந்து தப்பிக்க டெக்கட்ரான் என்ற கண்ணாடிக் குழாயைப் பிடித்தார்கள். கதிர்வீச்சை எண்ணும் கருவிகளில் பயன்பட்ட பொருள், அவர்களுக்குப் பழக்கமானது. அதற்குள் சூடாகும் இழையே கிடையாது. வாயு நிரம்பிய குழாய்க்குள் வட்டமாகப் பத்து இடங்கள். ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் ஒரு சின்ன ஒளிப்புள்ளி மின்னும். ஒரு மின் துடிப்பு கொடுத்தால் புள்ளி அடுத்த இடத்துக்கு நகரும். மறுபடி கொடுத்தால் மறுபடி. ஒன்பதைத் தாண்டினால் பூஜ்யத்துக்கு வந்து, பக்கத்துக் குழாய்க்கு ஒன்றைத் தள்ளிவிடும். நாம் ‘கையில ஒண்ணு’ என்று கூட்டுகிறோமே, அதே சங்கதி!

இதில் இன்னொரு அழகும் உண்டு. இந்த மெஷின் எதை ஞாபகம் வைத்திருக்கிறது என்பதை நீங்கள் கண்ணாலேயே படிக்கலாம். புள்ளி நாலாவது இடத்தில் நின்றால் நாலு. உங்கள் செல்போனைத் திருகிப் பிரித்துப் பாருங்கள், ஒரு மண்ணும் தெரியாது.

மொத்தம் 828 டெக்கட்ரான்கள். எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்று கட்டளை போட 480 ரிலேக்கள். இந்த ரிலேக்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சமாசாரம். நம் ஊரிலும் பழைய எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு அந்த ‘டக... டக... டக’ சத்தம் காதிலேயே நிற்கும். புரோகிராம்? துளை போட்ட காகித நாடா. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டுமா? நாடாவின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒட்டி வளையமாக்கிவிடுவார்கள். இன்றைக்கு கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் ‘லூப்’, ‘லூப்’ என்கிறார்களே... இங்கே அது நிஜமாகவே பசை போட்டு ஒட்டிய லூப்!

இரண்டு மீட்டர் உயரம், ஆறு மீட்டர் அகலம், இரண்டரை டன் எடை. 1951 ஏப்ரலில் முதல்முறை ஓடியது. இரண்டு எண்களைப் பெருக்க ஐந்திலிருந்து பத்து விநாடி எடுத்துக்கொண்டது. சிரிக்காதீர்கள். அதே காலத்தில் மற்ற கம்ப்யூட்டர்கள் ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான பெருக்கல்களை முடித்துக்கொண்டிருந்தது வாஸ்தவம்தான். ஆனால், அவை அடிக்கடி படுத்துக்கொண்டன. இது படுக்கவில்லை.

ஒருநாள் பார்ட் ஃபோஸி என்ற கணிதக்காரர் தன் மேஜை கால்குலேட்டரோடு மெஷினுக்கு எதிரே உட்கார்ந்தார். பந்தயம்! தலை தெறிக்கிற வேகத்தில் கணக்குப் போட்டார். அரை மணி நேரம் சரிக்குச் சமமாக வந்தார். அப்புறம் கை ஓய்ந்துபோய் எழுந்துவிட்டார். மெஷின் பாட்டுக்கு ‘டக... டக’ என்று போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு சமயம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். போகும்போது போதுமான நாடாவை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். பத்து நாள் கழித்து வந்தால், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது! 1952 மே முதல் 1953 பிப்ரவரி வரை வாரத்துக்குச் சராசரி 80 மணி நேரம் உழைத்திருக்கிறது. அந்தக் கால கம்ப்யூட்டர்களில் யாருக்கும் வராத சமர்த்து இது.

1957 வாக்கில் ஹார்வெலுக்கு வேகமான மெஷின்கள் வந்துவிட்டன. வழக்கமாக இந்த இடத்தில்தான் கதை முடியும். பிரித்து, பித்தளையைத் தனியாக, இரும்பைத் தனியாக எடைக்குப் போட்டுவிடுவார்கள். அந்தத் தலைமுறையின் தலைவிதியே அதுதான். 1948-ல் மான்செஸ்டரில் ஓடிய ‘பேபி’யின் பாகங்களை அடுத்த மெஷினுக்கு எடுத்துக்கொண்டார்கள். இப்போது அங்கே இருப்பது 1998-ல் செய்த நகல். கேம்பிரிட்ஜின் எட்ஸாக் 1949-ல் பிறந்து, 1958-ல் நிறுத்தப்பட்டு, பிரித்துப் போடப்பட்டது. அமெரிக்காவின் புகழ்பெற்ற எனியாக் 1955-ல் அணைந்தது. அதன் பலகைகள் இன்றைக்கு வெவ்வேறு ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன. பெரிய பெயர் வாங்கியவர்கள் கதியே இப்படி!

ஹார்வெல் மெஷினைக் காப்பாற்றியது ஒரு போட்டி. ‘இதை எங்களுக்குக் கொடுத்தால் இன்னின்ன விதமாகப் பயன்படுத்துவோம்’ என்று கல்லூரிகள் எழுதிப் போட வேண்டும். யாருடைய திட்டம் உருப்படியோ அவர்களுக்கே மெஷின். வுல்வர்ஹாம்ப்டன் தொழில்நுட்பக் கல்லூரி ஜெயித்தது. ‘வுல்வர்ஹாம்ப்டன் இன்ஸ்ட்ருமென்ட் ஃபார் டீச்சிங் கம்ப்யூட்டிங் ஃப்ரம் ஹார்வெல்’ என்று நீட்டி முழக்கிப் பெயர் வைத்தார்கள். முதல் எழுத்துகளைக் கோத்துப் பாருங்கள்... ‘விட்ச்’. சூனியக்காரி! மாணவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைத்திருக்க மாட்டார். புரோகிராமில் தப்பு செய்தால், எந்தப் புள்ளி எங்கே தப்பாக நகர்ந்தது என்று நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம். மெதுவாக இருப்பதுதான் இங்கே அதன் பெரிய தகுதி.

1973 வரை சூனியக்காரி பாடம் நடத்தினாள். உலகிலேயே நீண்ட காலம் உழைத்த கம்ப்யூட்டர் என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறினாள். பிறகு பர்மிங்ஹாமின் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் ஒரு மூலை கிடைத்தது. அங்கே அவளைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றவர்களில் ஒரு விடலைப் பையன் உண்டு. பெயர் கெவின் மர்ரல். அவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1997-ல் அந்த அருங்காட்சியகத்தை மூடிவிட்டார்கள். மெஷினைப் பிரித்து நகராட்சிக் கிடங்கில் வைத்தார்கள். கிடங்கு என்பது அருங்காட்சியகங்களின் பரண். பரணில் ஏறியது எப்போது இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? பத்து வருடங்களுக்கு மேல் சூனியக்காரி பொதுஜனத்தின் கண்ணிலேயே படவில்லை.

பழைய கம்ப்யூட்டர்களைத் தேடுகிறவர்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இந்த உலகத்தில் பணம் புரள்கிற சந்தை ஒன்று உண்டு. ஆப்பிள் கம்பெனியின் முதல் மெஷினான ஆப்பிள்-1, 1976-ல் 666 டாலர் 66 சென்ட்டுக்கு விற்றது. செய்ததே சுமார் 200. அதில் ஒன்றை 2014-ல் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் ஏலத்தில் 9,05,000 டாலர் கொடுத்து வாங்கியது. அதற்குக் காரணம் ஸ்டீவ் ஜாப்ஸின் பெயர் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டரை டன் சூனியக்காரிக்கு யார் ஏலம் கேட்பார்கள்? வரவேற்பறையில் வைக்க முடியுமா, கண்ணாடிப் பெட்டியில் பூட்ட முடியுமா? இந்த மாதிரி மெஷினை அடையாளம் கண்டுபிடிக்க ஏலக்காரரின் கண் உதவாது. அதன் முகத்தை நேசித்த கண் ஒன்று வேண்டும்.

அந்தக் கண், விடலைப் பருவத்தில் அதை பர்மிங்ஹாமில் பார்த்த கண். கெவின் மர்ரல் வளர்ந்து, பழைய கம்ப்யூட்டர்களைப் பாதுகாக்கும் சங்கத்திலும் பிளெட்ச்லி பார்க் அருங்காட்சியகத்திலும் முக்கியப் பொறுப்புக்கு வந்திருந்தார். 2008-ல் தற்செயலாக ஒரு போட்டோ அவர் கண்ணில் பட்டது. ஏதோ கிடங்கில் குவித்து வைத்த சாமான்களின் படம். அந்தக் குவியலுக்குள் ஒரு கட்டுப்பாட்டுப் பலகை எட்டிப்பார்த்தது. வேறு யாராவதாக இருந்தால் அடுத்த படத்துக்குத் தாவியிருப்பார்கள். இவருக்குப் பொறி தட்டிவிட்டது. அட, நம்ம சூனியக்காரி!

தேடிப் பிடித்தார்கள். பர்மிங்ஹாம்காரர்களிடம் பேசினார்கள். 2009 செப்டம்பரில் மெஷின் லாரியேறி பிளெட்ச்லி பார்க்குக்கு வந்தது.

இனிமேல்தான் நிஜமான சிக்கல். பழைய மெஷினைக் கண்டுபிடித்ததும் முதலில் செய்யத் தோன்றுவது, பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போடுவது. செய்யவே கூடாத காரியமும் அதுதான். பல வருடம் சும்மா கிடந்த கெப்பாசிட்டர்கள் உள்ளே காய்ந்திருக்கும். முழு மின்சாரத்தைத் திடீரென்று பாய்ச்சினால் வெடிக்கும். ஒயர்களின் உறை தொட்டால் உதிரும். ரிலேக்களின் முனைகளில் கறுப்புப் படலம் கட்டியிருக்கும். டெக்கட்ரானுக்கும் ஒரு வினோதமான வியாதி உண்டு. ரொம்ப நாள் ஓடாமலிருந்தால் ஒளிப்புள்ளி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். சிலவற்றை விடாமல் சுற்றவிட்டால் மெள்ள வழிக்கு வரும். படுத்த படுக்கையாகக் கிடந்த பாட்டியைக் கைப்பிடித்து முற்றத்தில் நடக்கவைப்பது மாதிரி.

இன்னொரு தர்மசங்கடமும் இருக்கிறது. ஒரு பாகம் கெட்டுப்போனால் புதிதை மாட்டி ஓட்டிவிடலாம்தான். அப்படியே மாற்றிக்கொண்டு போனால் கடைசியில் மிஞ்சுவது அசலா, நகலா? எந்தப் பாகத்தையும் தொடாமல் அப்படியே வைத்தால் அசல் தப்பிக்கும். ஆனால், ஓடாது. ஆஸ்திரேலியாவின் சிஸிராக் அப்படித்தான். 1949-லேயே ஓடிய மெஷின், முழு உருவத்தோடு மெல்பர்னில் இருக்கிறது. சூனியக்காரியைவிட வயதில் மூத்தது. ஓட்டுவதில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எனக்கென்னவோ, ஓடுவதற்காகவே பிறந்த ஒன்றை ஓடவிட்டுப் பார்ப்பதுதான் மரியாதை என்று படுகிறது. முடிந்தவரை அசல் பாகங்களோடு!

டெல்வின் ஹோல்ராய்ட் தலைமையில் ஒரு தொண்டர் படை வேலையில் இறங்கியது. மூத்தவர்கள் எப்போதோ மறந்த வித்தையைத் தூசு தட்டினார்கள். இளைஞர்கள் அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொண்டார்கள். வால்வையும் ரிலேயையும் காகித நாடாவையும் இந்தக் காலத்தில் எந்தக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள்? மூன்று வருடம் ஆயிற்று.

2012 நவம்பர் 20. அருங்காட்சியகத்தில் சிறு கூட்டம். சூனியக்காரியைக் கட்டிய இன்ஜினீயர்கள் மூவரில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். முதன்முதலில் அதில் கணக்குப் போட்ட ஒருவரும் வந்திருந்தார். ஸ்விட்சைப் போட்டார்கள். ரிலேக்கள் ‘டக... டக’ என்றன. டெக்கட்ரான்களில் புள்ளிகள் ஓட ஆரம்பித்தன. 61 வருடத்துக்கு முன்னால் கேட்ட அதே சத்தம்! அன்றிலிருந்து ‘ஓடும் நிலையிலுள்ள மிகப் பழைய அசல் டிஜிட்டல் கம்ப்யூட்டர்’ என்ற பட்டம் அதற்கு. இந்தப் பட்டத்தில் ஒரு வார்த்தையைக்கூட உருவ முடியாது, கவனித்தீர்களா? ‘ஓடும்’ என்பதை எடுத்தால் சிஸிராக் சண்டைக்கு வரும். ‘அசல்’ என்பதை எடுத்தால் கொலோஸஸ் வரும்.

மூவரில் ஒருவரான டெட் குக்-யார்பரோ, அடுத்த வருடமே, 2013-ல், 94 வயதில் காலமானார்.

நம் ஆட்களுக்காக ஒரு கொசுறு. பர்மிங்ஹாம் சேகரிப்பில் சூனியக்காரிக்குத் துணையாக இன்னொரு பழைய மெஷினும் இருந்தது. ஹெச்.இ.சி. என்று பெயர். அதன் வாரிசான ஹெச்.இ.சி.-2எம்தான் கப்பலேறி கல்கத்தாவுக்கு வந்து, 1955-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிறுவப்பட்டது. இந்தியாவின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர்!

பிளெட்ச்லி பார்க்குக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூனியக்காரியை ஓட்டிக் காட்டுகிறார்கள். இரண்டு எண்களைப் பெருக்கச் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், விடை வருவதற்குள் ஒளிப்புள்ளிகள் ஒவ்வொன்றாக நகர்வதைப் பின்தொடர்ந்துவிடலாம். ஐந்து விநாடி, சில சமயம் பத்து.