மலையும் இசைத்தட்டும்

ஹந்தானை மலையின் அடிவாரத்தில் வாழ்வோர்க்கு ஓர் அனுபவம் பொதுவானது. காலையில் மலை தெரியும். சிறிது நேரத்தில் முகில் வந்து மூடும். மாலையில் மீண்டும் ஒருமுறை தோன்றி மறையும். மூடியிருக்கும் வேளையிலும் மலை அங்கேதான் நிற்கிறது என்பதில் நமக்கு ஐயம் எழுவதில்லை. இசையின் நிலை வேறு. ஒலித்து முடிந்த இசை முகிலுக்குப் பின்னால் எங்கும் காத்து நிற்பதில்லை. கேட்டவர் நினைவிலே சில காலம் தங்கும். பின்னர் அந்த நினைவும் தேயும். இசையை மலைபோல் நிலைநிறுத்த மனிதர் கண்ட வழிகள் இரண்டு. சுரங்களை ஏட்டிலே குறித்து வைப்பது ஒன்று. ஒலியையே பதிவு செய்து வைப்பது மற்றொன்று.

இந்த இரண்டாவது வழியினாலே உலகறிந்த ஓர் அமெரிக்க இசையாசிரியரைப் பற்றியும், அவ்வழி வாய்க்காமையால் நம்முடைய செவிக்கு எட்டாமற்போன அவரது தமிழ்நாட்டுப் படைப்பொன்றைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன். அவர் பெயர் ஆலன் ஹோவனஸ்.

ஹோவனஸ் 1911ஆம் ஆண்டு மார்ச் 8ஆந் தேதி அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், சொமர்வில் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் துருக்கி நாட்டு அதானா நகரிலிருந்து வந்த ஆர்மீனியர். டஃப்ட்ஸ் கல்லூரியிலே இரசாயனப் பேராசிரியராக விளங்கியவர். தாயார் ஸ்கொட்லாந்து மரபினர். மகனோ இசையையே தமது வாழ்வாக வரித்துக்கொண்டார். அவருடைய இளமைக் காலத்தில், 1936இல், உதயசங்கரின் நடனக் குழு பொஸ்டன் நகருக்கு வந்தது. அக்குழுவின் இசையாசிரியராகிய விஷ்ணுதாஸ் சிராலியின் வாத்தியங்களை அங்கே கேட்ட ஹோவனஸின் மனத்தில் இந்திய இசை இடம் பிடித்தது. தமிழகத்துக்கு அவர் வந்து சேர்ந்தது அதன் பின் 23 ஆண்டுகள் கழித்து.

இடைப்பட்ட காலத்தில் அவர் கடந்து வந்த பாதை எளிதானதன்று. 1942ஆம் ஆண்டளவில் மூத்த இசைவாணர் சிலரின் கடுமையான கண்டனத்துக்கு ஆளானார். தாமும் தம் படைப்புகளில் நிறைவு காணாதவராய், இளமையில் எழுதியவற்றிற் பெரும் பகுதியைத் தீக்கிரையாக்கினார். பின்னர் ஆர்மீனியத் தேவாலயமொன்றிலே ஓர்கன் வாசித்துக்கொண்டு, தந்தையாரின் முன்னோர் பாடிய பழைய வழிபாட்டு இசையை ஆராயத் தலைப்பட்டார். அந்த ஆராய்ச்சியின் பயனாக 1944இல் பியானோவுக்கும் நரம்பு வாத்தியங்களுக்குமாக ‘லூசத்ஸாக்’ என்னும் படைப்பு உருவாயிற்று.

அவருடைய இசை நமக்கு ஏன் அந்நியமாகத் தோன்றுவதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். மேல்நாட்டுப் பல்லிய இசை, பல சுரங்களை ஒரே வேளையில் அடுக்கி எழுப்பும் மாளிகை போன்றது. நமது இசை, ஒரே நூலை நீளமாக நூற்றுச் செல்வது போன்றது. ஹோவனஸ் மாளிகை கட்டும் கலையை நன்கு பயின்றவர். ஆயினும் அவர் உள்ளம் நூலின் பக்கமே சாய்ந்தது. சுருதிபோல ஒரே சுரம் அடியிலே நின்று ஒலிக்க, அதன்மேல் ஒற்றை மெட்டு மெல்ல வளர்ந்து செல்வதை அவருடைய படைப்புகள் பலவற்றிலே கேட்கலாம். ஆலாபனை கேட்டுப் பழகியவர்க்கு அவ்விடங்களில் வழிகாட்டி தேவையில்லை.

1951ஆம் ஆண்டில் அவர் நியூயோர்க் சென்று ‘வொய்ஸ் ஒவ் அமெரிக்கா’ வானொலியிற் சேர்ந்தார். அண்மைக் கிழக்கு நாடுகளுக்கும் கவ்காசிய நாடுகளுக்குமான பிரிவிலே இசைப் பொறுப்பை ஏற்றுப் பணி செய்தார். 1953இல் அமெரிக்க ஆட்சி மாறியபோது அவருடைய பணியும் முடிந்தது.

அதே 1951ஆம் ஆண்டிலேதான் இலங்கை அரசு அமெரிக்க அரசுடன் உடன்படிக்கை செய்து, அவ்வானொலியின் நிகழ்ச்சிகளை இங்கிருந்து அஞ்சல் செய்ய இடமளித்தது. அதற்கு வேண்டிய வலிமை நம்முடைய நிலையத்துக்கு எவ்வாறு கிடைத்தது என்பது கண்டி மாவட்டத்தார் அறியத்தக்க வரலாறு. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1944இல், தென்கிழக்காசியக் கூட்டுப்படைகளின் தலைமையகம் கண்டிக்கு வந்தது. பேராதனைப் பூந்தோட்டத்திலே மௌண்ட்பேட்டன் பிரபுவின் அலுவலகம் இயங்கியது. அப்படையினரின் பொருட்டு எழுந்ததே ‘ரேடியோ சீயாக்’ என்னும் வானொலி. அதற்கென ஏக்கலையில் நிறுவப்பட்ட பெரிய ஒலிபரப்புப் பொறி, 1949இல் அந்நிலையம் கைமாறியபோது இலங்கையின் உடைமையாயிற்று. ரேடியோ சிலோன் ஆசியாவெங்கும் கேட்கும் குரலைப் பெற்றது இவ்வாறுதான். ஹோவனஸின் பிரிவு நம்மை நோக்கிப் பேசியதன்று. எனினும், கடல் கடந்து செல்லும் ஒலியை நம்பி வாழ்ந்தோரின் உலகம் அக்காலத்தில் எத்துணை நெருங்கி வந்தது என்பதற்கு இது ஒரு சான்று.

நேயர்களே, இனி இசைத்தட்டின் கதைக்கு வருவோம்.

நம்முடைய பாட்டனார் காலத்துக் கிராமபோன் தட்டு அரக்கினால் ஆனது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழல்வது. பன்னிரண்டு அங்குலத் தட்டாயினும் ஒரு பக்கத்தில் நான்கு அல்லது ஐந்து நிமிடம்தான் அடங்கும். கீர்த்தனையொன்றைச் சுருக்கிப் பாட அது போதும். இருபது நிமிட நேரம் வளர்ந்து செல்லும் பல்லிய இசைக்குப் போதாது. நடுவிலே தட்டைப் புரட்டவேண்டும். மற்றொன்றை எடுத்து வைக்கவேண்டும். ஊசி தூக்கப்படுந்தோறும் இசை அறுந்து போகும். 1948இல் கொலம்பியா கம்பனியார் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் நெடுநேர இசைத்தட்டை வெளியிட்டனர். ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இடையறாது கேட்கக்கூடிய நிலை ஏற்பட்டது. ஹோவனஸின் புகழுக்கும் இந்த மாறுதலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

1955ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆந் தேதி, ஹூஸ்டன் நகரத்து வாத்தியக் குழுவின் புதிய இயக்குநராக லியோபோல்ட் ஸ்டொக்கோவ்ஸ்கி பொறுப்பேற்று நடத்திய முதற் கச்சேரியிலே, ஹோவனஸின் இரண்டாவது சிம்பொனி அரங்கேறியது. அதன் பெயர் ‘மிஸ்டீரியஸ் மௌண்டன்’. தமிழில் ‘மறைபொருள் மலை’ எனலாம். அது எந்த மலை என்று தேடுவதிற் பயனில்லை. குறிப்பிட்ட மலையொன்றை மனத்திற்கொண்டு அவர் எழுதவில்லை. மண்ணுலகும் அதற்கு அப்பாலுள்ள உலகும் சந்திக்கும் இடமே மலை என்பது அவர் கருத்து. சிவனொளிபாத மலையை நான்கு சமயத்தாரும் தத்தம் திருத்தலமாகப் போற்றி ஏறும் நாட்டிலே இக்கருத்துக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

அப்படைப்பு மூன்று பகுதிகளையுடையது. முதற்பகுதி வழிபாட்டுப் பாடல் போல நரம்பு வாத்தியங்களில் அமைதியாக எழுகிறது. யாழும், மணிபோல் ஒலிக்கும் செலஸ்தாவும் அதன்மேல் ஒளி தூவிச் செல்கின்றன. இரண்டாம் பகுதியில், ஒரு குரல் எடுத்த மெட்டை அடுத்த குரல் தொடர்ந்து பற்றும் ‘ஃபியூக்’ என்னும் அமைப்பு இடம்பெறுகிறது. முதலில் மெதுவான மெட்டொன்று, பின்னர் விரைவான மெட்டொன்று, இறுதியில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிச் செல்லும். மூன்றாம் பகுதி மீண்டும் அமைதியை நாடுகிறது. முழுவதும் இருபது நிமிடத்துக்கு உட்பட்டது.

 அப்படைப்பு உலகெங்கும் பரவியது 1958இல், ஃபிரிட்ஸ் ரைனர் சிக்காகோ நகரத்து வாத்தியக் குழுவைக் கொண்டு ஆர்.சி.ஏ. விக்டர் கம்பனியாருக்காகப் பதிவு செய்த பின்னரே. ரைனர் கண்டிப்புக்குப் பேர்போனவர். அவர் கையில் அக்குழு மிகச் சிறந்த நிலையை எட்டியிருந்தது. இரட்டைத் தட ஒலிப்பதிவு அப்போதுதான் பரவலாக வந்துகொண்டிருந்தது. நெடுநேரத் தட்டின் ஒரு பக்கத்திலே மலை முழுவதும் அடங்கிற்று. மறுபக்கத்தில் ஸ்ட்ராவின்ஸ்கியின் படைப்பொன்று இடம்பெற்றது. தட்டைப் புரட்டாமல், நடுவிலே அறுபடாமல், ஒருவர் தம் வீட்டிலிருந்தே அம்மலையில் ஏறி இறங்கிவரலாம் என்ற நிலை பிறந்தது. அப்பதிவு பின்னர் குறுந்தட்டிலும் வந்து, இன்றுவரை கேட்கப்படுகிறது. அதற்குப் பின் டென்னிஸ் ரஸ்ஸல் டேவிஸ், ஜெரார்ட் ஷ்வார்ஸ் முதலியோரும் அதைப் பதிவு செய்திருக்கின்றனர். ஒருவர் வாசிப்பை மற்றொருவர் வாசிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் பேறும் இதனாற் கிடைத்தது.

இனி நம் பக்கத்துக் கதை. 1959ஆம் ஆண்டில் ஹோவனஸ் ஃபுல்பிரைட் உதவி பெற்றுச் சென்னைக்கு வந்தார். அமெரிக்க இசையாசிரியரின் பார்வை சென்னையின்மேல் விழுந்தது அது முதன்முறையன்று. ஹென்றி கவல் என்பவர் தமது 13ஆவது சிம்பொனிக்கு ‘மதராஸ்’ என்றே பெயரிட்டிருந்தார். ஆயினும் ஹோவனஸ் வந்த நோக்கம் கற்பது. வீணை பயின்றார், முந்நூறுக்கும் மேற்பட்ட இராகங்களைக் குறித்துத் தொகுத்தார், அவற்றைக்கொண்டு ஒரு நூல் எழுதவும் எண்ணினார். அந்நூல் நிறைவேறவில்லை.

அந்நாளில் அவர் நாகூருக்குச் சென்றார். சாகுல் ஹமீது ஆண்டகையின் தர்காவும், வங்கக் கடற்கரையிலே உயர்ந்து நிற்கும் அதன் ஐந்து மினாராக்களும் நம்மவர்க்கு அறிமுகமானவை. அவற்றுள் மிக உயரமானதைக் கட்டுவித்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிங். இந்துக்களும் இஸ்லாமியரும் கூடி வழிபடும் அந்தத் தலத்தின் பெயரால் நம் நாட்டிலும் கல்முனைக் கடற்கரையிலே பள்ளிவாசல் உண்டு. ஆண்டுதோறும் அங்கே கொடியேற்றம் நடைபெறுகிறது. ஆர்மீனியக் கிறித்தவர் குடும்பத்திலே பிறந்த அந்த அமெரிக்கரின் மனத்தை நாகூர் அசைத்தது. அதன் விளைவாக அவர் எழுதிய படைப்பின் பெயர் ‘நாகூரான்’. அது வயலின் கூட்டமும் கொம்பு வாத்தியமும் கூடிய மேல்நாட்டுப் பல்லியத்துக்காக எழுதப்பட்டதன்று. நம்முடைய கருநாடக இசை வாத்தியங்களுக்காகவே எழுதப்பட்டது. சென்னை வானொலி நிலையத்தின் தென்னிந்திய வாத்தியக் குழு அதனை வாசித்தது. 1960ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆந் தேதி அகில இந்திய வானொலியில் அது ஒலிபரப்பாயிற்று.

நேயர்களே, இங்கேதான் நாம் சிறிது நின்று சிந்திக்க வேண்டும். ‘மறைபொருள் மலை’க்கும் ‘நாகூரா’னுக்கும் இடையே உள்ள காலம் ஐந்தாண்டுக்குள். இரண்டையும் எழுதிய கை ஒன்று. ஒன்றுக்குச் சிக்காகோவிலே பெரிய கம்பனியின் இசைத்தட்டு வாய்த்தது. இன்று விரும்புவோர் எவரும் அதைக் கேட்கலாம். மற்றொன்று வானலைக்காகப் பிறந்து, வானலையிலே ஒலித்தது. இசைத்தட்டு விற்கும் கடைகளுக்கு வரவில்லை. அவருடைய படைப்புப் பட்டியலிலே பெயர் நிற்கிறது. நம் செவியிலே ஒலி நிற்கவில்லை. இதைத் தரத்தின் தீர்ப்பு என்று கொள்வது பிழை. ஒன்று சேமிக்கப்பட்டது, மற்றொன்றுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. எது சிறந்ததோ அதுவே நிலைக்கிறது என்று நாம் ஆறுதல் கூறிக்கொள்கிறோம். உண்மையில், எதை ஒருவர் பேணி வைத்தாரோ அதுவே நிலைக்கிறது. பின்னர் வருவோர் அதனையே சிறந்ததென்று போற்றுகின்றனர்.

ஹோவனஸ் இதனை நன்கு உணர்ந்தவர் போலும். 1963இல், தம் மனைவியாருடன் சேர்ந்து ‘பொசைடன் சொசைட்டி’ என்னும் பெயரிலே சொந்த இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். பெரிய கம்பனிகள் அழைக்கட்டும் என்று காத்திராமல், தம் படைப்புகளைத் தாமே வெளியிட்டார். அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழப் பதினைந்து தட்டுகள் வெளிவந்தன. லண்டன் நகரத்து ரோயல் பில்ஹார்மோனிக் குழுவைத் தாமே நடத்தி, ‘மாந்தர் அனைவரும் உடன்பிறந்தோர்’ என்னும் பொருள்படும் பதினோராவது சிம்பொனியைப் பதிவு செய்தார். இலாபத்தைக் கருதினால் அது மதியீனம். பின்வரும் தலைமுறையைக் கருதினால் அதுவே மதி. அந்தத் தட்டுகள் இல்லையேல், 67 சிம்பொனிகள் எழுதிய அவரை ஒரே மலையின் ஆசிரியராக மட்டுமே உலகம் அறிந்திருக்கும்.

1970இல் அவர் மேலும் ஓரடி எடுத்து வைத்தார். கடலிலே திமிங்கிலங்கள் எழுப்பும் ஒலி பதிந்த ஒலிநாடாவையும் ஒரு வாத்தியமாகக்கொண்டு பல்லியத்தோடு இணைத்தார். பதிவு செய்த ஒலி, இசையைச் சேமிக்கும் பெட்டியாக மட்டும் நில்லாமல் இசையின் உறுப்பாகவே ஆயிற்று. பின்னர் மலைகள் சூழ்ந்த சியாட்டில் நகரிலே குடியேறி, 2000ஆம் ஆண்டு ஜூன் 21ஆந் தேதி அங்கே காலமானார்.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுண்டு. வானொலி நிலையத்துக்கு ஒலிநாடா விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தில், ஒருமுறை பதிந்ததை அழித்து அதன்மேல் மற்றொன்றைப் பதிவது உலகின் பல நிலையங்களிலும் வழக்கமாயிருந்தது. அன்றாடத் தேவை அவ்வாறு செய்யத் தூண்டியது. எவரையும் குறை கூறுவதற்கில்லை. ஆனால், அழிந்தவை எவை என்பதை அழிந்த பின்னர் அறிய வழியில்லை. இன்று நாடாவுக்குப் பஞ்சமில்லை; ஒலியைச் சேமிக்கும் இடம் மலிந்துவிட்டது. இடம் மலிந்த அளவுக்கு அக்கறை மலியவில்லை என்பதே கவலை. நாதசுவர வித்துவான் ஒருவர் திருவிழாவில் வாசித்தது, மலையகத் தோட்டமொன்றில் காமன் கூத்துக்கு எழுந்த தப்பொலி, மூதாட்டி ஒருத்தி நினைவிலிருந்து பாடிய தாலாட்டு, இவையெல்லாம் நம்மிடையே இன்னும் ‘நாகூரான்’ நிலையிலேயே இருக்கின்றன: ஒருமுறை ஒலிப்பவை, ஒருமுறை கேட்கப்படுபவை.

ஹந்தானை மலையை நாம் காப்பாற்றி வைக்கவேண்டும் என்று 2010இல் அரசு அதனைப் பாதுகாக்கப்பட்ட சுற்றாடற் பிரதேசமாக அறிவித்தது. தானாகவே நிற்கும் மலைக்கும் காவல் வேண்டியிருக்கிறது. அங்ஙனமாயின், தானாக நிற்க இயலாத இசைக்குக் காவல் எவ்வளவு வேண்டும் என்பதை நேயர்களே எண்ணிப் பாருங்கள். உங்கள் ஊரிலே பழைய பாடல் அறிந்த பெரியவர் ஒருவர் இருப்பின், இந்த வாரத்திலேயே அவரிடம் சென்று, பாடச் சொல்லிப் பதிவு செய்து வையுங்கள். பாடியவர் பெயரையும், ஊரையும், நாளையும் அதனோடு குறித்து வையுங்கள். முகில் விலகும்போது மலை இருக்கும்; பாட்டு இருப்பதற்கு நாம்தான் வழிசெய்ய வேண்டும்.