விகிதம் சொல்லும் சேதி: செப்சிஸை அளந்த வரலாறு

விகிதம் என்றதும் நம் மாணவர்களுக்குக் கணிதப் பாடம்தான் ஞாபகம் வரும். மருத்துவமனையிலும் அதே வகுத்தல் கணக்கு உண்டு. கிருமித் தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடல், கட்டுப்பாடு இழந்து தன் சொந்த உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலைதான் செப்சிஸ். இதில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று சீக்கிரமே தெரிய வேண்டும். அதை இரத்தத்தில் தேடத் தொடங்கிய கதை பழையது.

1842–43 குளிர்காலத்தில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில், பிரசவக் காய்ச்சல் கண்ட இளம் பெண்கள் சிலர் இறந்தார்கள். கை கழுவினால் இந்தச் சாவு குறையும் என்று வியன்னாவில் செம்மல்வைஸ் காட்டியதே 1847-இல்தான். யோகான் யோசப் ஷெரர் என்ற மருத்துவர், இறந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தார். அதில் லாக்டிக் அமிலம் இருந்தது. 1780-இல் ஷீலே புளித்த பாலில் கண்ட அதே அமிலம்! மனித இரத்தத்தில் அது இருப்பதை முதலில் காட்டியவர் ஷெரர்தான். அவருடைய சோதனை அந்தப் பெண்களுக்கு உதவவில்லை. ஆனால் இன்றைக்கும் செப்சிஸ் என்று சந்தேகம் வந்தால், மருத்துவர் முதலில் கேட்கும் அளவுகளில் அதுவும் ஒன்று. இந்த வரலாற்றில் மாணவர்கள் மறக்கக் கூடாத இடம் இது என்பேன்.

பிறகு 1879-இல் பால் எர்லிக், சாயம் ஏற்றி வெள்ளணுக்களை வகை பிரிக்க வழி காட்டினார். வகைவாரியாக எண்ண முடிந்தது.

2001-இல் ஸ்லோவாக்கியா மருத்துவர் சகோரெக், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 90 புற்றுநோயாளிகளிடம் ஒன்றைக் கவனித்தார். உடல் கடும் நெருக்கடியில் இருக்கும்போது நியூட்ரோபில் அணுக்கள் ஏறுகின்றன, லிம்போசைட் அணுக்கள் இறங்குகின்றன. சரி, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால்? ஒரு பேச்சுக்கு, 6,000-ஐ 2,000-ஆல் வகுத்தால் 3. நோய் முற்றி அவை 12,000, 600 என்று மாறினால் விடை 20. நியூட்ரோபில் இரண்டு மடங்குதான் ஆனது. விகிதமோ ஆறு மடங்கையும் தாண்டிவிட்டது. எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டை வகுப்பதால் வரும் பலன் இது. புது இயந்திரம் வேண்டாம், சாதாரண இரத்தப் பரிசோதனைத் தாளே போதும்.

ஆனாலும் இந்த எண்ணை மட்டும் நம்பிவிட முடியாது. ஸ்டீராய்டு மருந்து எடுத்தாலும் அது ஏறும். 2016-இல் செப்சிஸுக்குப் புது வரையறை எழுதியபோது இந்த விகிதம் அதில் சேரவில்லை. ஷெரர் கண்ட அமிலம், லாக்டேட் என்ற பெயரில், செப்சிஸ் அதிர்ச்சிக்கான அளவுகோலில் இடம்பிடித்தது: லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல். இப்போது அந்த லாக்டேட்டையும் அல்புமின் புரதத்தின் அளவால் வகுத்துப் பார்க்கிறார்கள்.