உப்பளத்தில் பெய்த மழை

சென்ற ஐப்பசியில் எழுத்து நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது வெளியே நல்ல மழை பிடித்துக்கொண்டது. கிளம்ப வழியில்லை. அப்போது ஒருவர், "சும்மா ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்? ஆளுக்கொரு கதை எழுதுவோம். மழைதான் விஷயம். ஒரு மாதம் தவணை" என்றார். எல்லோரும் உற்சாகமாகத் தலையை ஆட்டினோம். வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான், எனக்குத் தெரிந்த மழையெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பெய்த மழை என்பது விளங்கிற்று.

இப்படி மழைக்கு அகப்பட்டுக்கொண்டு போட்டி வைத்துக் கதை எழுதியவர்கள் எங்களுக்கு முன்பும் உண்டு. 1816 ஜூன் மாதம் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு மாளிகை. உள்ளே கவி பைரன், கவி ஷெல்லி, பின்னால் ஷெல்லியின் மனைவியான மேரி, பைரனின் வைத்தியர் பாலிடோரி ஆகியோர் இருந்தார்கள். கோடைக்காலம் என்று பேரே தவிர, விடாத மழை. பொழுது போகாமல் பேய்க் கதைப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தவர்களிடம் பைரன், ஆளுக்கொரு பேய்க் கதை எழுதவேண்டும் என்று யோசனை சொன்னார். இரண்டு மகாகவிகளும் தொடங்கியதை முடிக்கவில்லை. அப்போது 18 வயதுப் பெண்ணான மேரி எழுதியதுதான் 1818இல் வெளிவந்த 'பிராங்கன்ஸ்டைன்'. பைரன் பாதியில் விட்ட கதையை வைத்துக்கொண்டு வைத்தியர் எழுதிய இரத்தக் காட்டேரிக் கதையும் 1819இல் அச்சேறியது.

அந்த மழை ஏன் பெய்தது என்பது அவர்களில் எவருக்கும் தெரியாது. முந்தின வருஷம் ஏப்ரலில், இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா என்ற எரிமலை வெடித்திருந்தது. அந்தத் தீவிலும் பக்கத்துத் தீவுகளிலும் பல்லாயிரம் ஜனங்கள் மாண்டார்கள். வானத்தில் பரவிய எரிமலைப் புகைப்படலம் சூரியனை மங்க வைத்தது. மறு வருஷம் ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போயிற்று. வயலில் தானியம் அழுகியது. அதே சுவிட்சர்லாந்தில் ஏழைகள் ரொட்டிக்கு அலைந்தார்கள். மாளிகைக்குள்ளே கதை பிறந்துகொண்டிருந்த அதே மழையில் வெளியே பஞ்சம் பிறந்துகொண்டிருந்தது. இதைப் படித்த நாள் முதல் எனக்கு மழைக் கதை என்றாலே மனசில் ஒரு முள் உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஒரே மழையைப் பலர் கூடிப் பாடுவது நமக்குப் புதிதல்ல. சங்ககாலத்து முல்லைத் திணை என்பது வேறென்ன? கார்காலம் தொடங்குமுன் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனான் தலைவன். மழை வந்துவிட்டது, அவன் வரவில்லை. இந்த ஒரே சங்கதியைத் தலைமுறை தலைமுறையாக எத்தனை புலவர்கள் பாடியிருக்கிறார்கள்! ஐங்குறுநூற்றில் ஐந்து திணைக்கு ஐந்து புலவர்கள், தலைக்கு நூறு பாட்டு. முல்லை பேயனாருக்கு, நெய்தல் அம்மூவனாருக்கு. பிற்பாடு மதுரைக் கண்ணங்கூத்தனார் கார்காலத்தை மட்டுமே வைத்து நாற்பது வெண்பாப் பாடினார். 'கார் நாற்பது' என்பது அந்த நூலின் பெயர்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இலக்கணம் முல்லைக்குக் காரைக் கொடுத்தது. குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் கொடுத்தது. கடற்கரையான நெய்தலுக்கோ தனியாக ஒரு பருவத்தை ஒதுக்கவில்லை. கடலோரத்தில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பஸ் ஏறி மரக்காணம் போனேன்.

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஊர். சிறுபாணாற்றுப்படையில் வரும் ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் துறைமுகமான எயிற்பட்டினம் இதுதான் என்று ஆராய்ச்சியாளர் பலர் சொல்லுகிறார்கள். அதைப் பாடிய நத்தத்தனார், பக்கத்து இடைக்கழி நாட்டு நல்லூர்க்காரர். ஊரிலுள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆந்திரக் கரையிலிருந்து கடலை ஒட்டியே வரும் பக்கிங்ஹாம் கால்வாய் இங்கேதான் முடிகிறது. அந்தப் பெயரும் மழையோடு சம்பந்தப்பட்டதுதான், பெய்யாத மழையோடு! 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டனார்கள் சொல்லிவந்த காலத்தில், சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். பட்டினியால் எலும்பும் தோலுமானவர்கள் மண் சுமந்தார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது.

நான் போனது கார்த்திகை. வெள்ளைக் குவியல்களைப் பார்க்கலாம் என்று எண்ணியிருந்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான். வரப்புகள்கூட அங்கங்கே மூழ்கிக் கிடந்தன. உப்பு விளைவது தை பிறந்த பிறகு. உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் சுண்டவிட்டு, உப்புப் பூத்ததும் வாரிக் கரையில் குவிப்பார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அளத்தில் வேலை கிடையாது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. மரக்காணத்து அளங்களும் வெள்ளத்தில் மூழ்கின.

மழைக்கும் உப்புக்கும் உள்ள பகையைச் சங்கப் புலவர் ஒருவர் கவனித்திருக்கிறார். குறுந்தொகை 165ஆம் பாட்டு, பரணர் பாடியது. ஏற முடியாத கரையிலே நின்றுவிட்ட உப்பு வண்டியின் மேல் பெருமழை கொட்டினால் என்ன மிஞ்சும்? அவளுடைய கூந்தலைக் கண்டு தன் நெஞ்சமும் அப்படிக் கரைந்துபோனதாகத் தலைவன் சொல்லுகிறான். காதல் பாட்டுத்தான். ஆனால் வண்டியின் பக்கத்தில் ஓர் உமணன் நனைந்துகொண்டு நின்றிருப்பானே, அவனைப் பற்றிப் பாட்டில் ஒன்றும் இல்லை.

அளத்துக்கு வெளியே டீக்கடையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். காலெல்லாம் உப்பு அரித்த வடு. நாற்பது வருஷம் உப்பு வாரியவர். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"மழையப் பத்திக் கதையா? அதுல எழுத என்னா சாமி இருக்கு? அது பாட்டுக்குப் பெய்யுது, போவுது" என்றார்.

"உங்களுக்கு மழை வேண்டாம் போலிருக்கிறது, பெரியவரே" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "யார் சொன்னது? மழ இல்லாம குடிக்கத் தண்ணி ஏது? ஐப்பசி, கார்த்திக பெய்யட்டும், நல்லாப் பெய்யட்டும். மூணு மாசம் கடன உடன வாங்கிக் கஞ்சி குடிச்சுக்கிறோம். உப்புப் பூத்த பின்னால வராம இருந்தாச் சரி."

பிறகு, நான் கேட்காமலே ஒரு பங்குனி மாதத்து இரவைப் பற்றிச் சொன்னார். பகலெல்லாம் வாரிக் குவித்த உப்பு மூடாமல் கிடந்ததாம். நடுநிசியில் இடி. புருஷனும் பெண்சாதியும் கையில் விளக்கோடு ஓடினார்களாம். கிடைத்த பனையோலை பாதிக் குவியலுக்குக்கூடக் காணவில்லை. "அவ வூட்டுக்கு ஓடிப் போயி, இருந்த ரெண்டு பொடவையும் எடுத்தாந்து உப்பு மேல போத்தினா, சாமி. உப்பு எங்களுதுகூட இல்ல. மொதலாளியுது. ஆனாக்கா கூலி குவியலப் பாத்துத்தானே?"

"உப்பு நின்றதா?"

"கொஞ்சம் நின்னுச்சு. பொடவதான் வெறச்சுப் போச்சு" என்று சொல்லிச் சிரித்தார்.

ஊருக்குத் திரும்பி அந்த இரவைக் கதையாக எழுதினேன். தவணை நாளில் எல்லோரும் கூடிப் படித்தோம். மற்ற கதைகளில் மழை தாராளமாகப் பெய்தது. காதலர்கள் ஒரே குடையில் நடந்தார்கள், பிரிந்தவர்கள் பஸ் நிலையத்தில் சந்தித்தார்கள். என் கதையைப் படித்து முடித்ததும் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, யோசனை சொன்ன அந்த நண்பரே, "கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மழை போதவில்லையே, ஐயா" என்றார்.

என்ன செய்வது? அந்த ராத்திரி பெய்ததே கால் மணி நேரந்தான்.